உச்சிவேளைப் பால்

பகாவ் பேருந்து நிலையத்துக்கு எதிரே
சைக்கிள் கடைக்கு மேல்மாடி.
ஒரு கணினி, ஒரு மின்விசிறி.
படம் ஒன்றுக்கு எட்டு வெள்ளி.
ஆவணக் காப்பகம் அனுப்புகிறது,
நான் பார்த்துக் கட்டங்களை நிரப்புகிறேன்:
ஆண்டு. இடம். ஆட்கள். பொருள்.

இன்று வந்தது ஐம்பத்தாறில் எடுத்தது.
கறுப்பு வெள்ளை, பதினொரு நிமிடம்.
நாட்டின் செல்வம் எங்கிருந்து வருகிறதென்று
வெளியூர்க் குரல் ஒன்று
ஒருமுறைகூடச் செருமாமல் சொல்லிக்கொண்டு போகிறது.
கப்பல். துறைமுகம். துரையின் தொப்பி.
நான்காம் நிமிடத்தில் எங்கள் தோட்டப் பலகை,
அதன் பின்னால் வெட்டுக்காடு.
ஒரு பெண் பட்டையில் கத்தியை இழுக்கிறாள்.
பால் இறங்குகிறது, மங்கு நிறைகிறது.
விடியற்காலை, என்கிறது குரல்.

நிறுத்தினேன்.
அவள் நிழல் அவள் காலடியிலேயே
நாய்க்குட்டிபோல் சுருண்டு கிடக்கிறது.
விடியலில் எந்த நிழலுக்கும்
இவ்வளவு சோம்பல் கிடையாது.

ஐந்துக்குப் பெரட்டு, ஆறுக்கு மரம்.
வெயில் ஏறினால் பட்டை வாயை மூடிக்கொள்ளும்.
பள்ளி விடுமுறையெல்லாம் ஒட்டுப்பால் உரித்தவள் நான்.
அரசாங்கமே வந்து கேட்டாலும்
உச்சிவேளை மரம்
இப்படி ஊற்றாது.

பெரிதாக்கினேன்.
புள்ளி புள்ளியாய் உடைந்தது அவள் முகம்.
இன்னும் கீழே போனேன்.
மங்கின் விளிம்பை நோக்கி
ஒரு கறுப்புக் கோடு அசைகிறது.
எறும்பு.
கித்தாப் பாலைத் தேடி
எந்த எறும்பு வரிசை கட்டியிருக்கிறது?

டின் பால்.
யாரோ ஸ்டோரிலிருந்து எடுத்துவரச் சொல்லியிருக்கிறார்கள்,
யாரோ தண்ணீர் கலந்திருக்கிறார்கள்,
மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று
ஒருவன் நிதானமாக ஊற்றியிருக்கிறான்.
அந்த டின்னைக் கிராணி
யார் பேரில் பற்று எழுதினாரோ.

தொழிலாளியின் முகத்தில் மனநிறைவைப் பாருங்கள்,
என்கிறது குரல்.
பார்த்தேன்.
சிரிப்பை அடக்குகிறவளுக்கு
உதடு அப்படித்தான் கோணும்.

இதே வாரம் வேறு சிலவும் வந்தன.
சுதந்திர இரவு, திடல் நிறையத் தலைகள்.
எங்கள் தோட்டத்துக்கு அந்த இரவு
மூன்று வாரம் பிந்தி வந்ததாம்,
தகவல் இலாகா வேனில், வெள்ளைத் துணியில்.
கொடி ஏறும் முன்பே மழை;
துணியைச் சுருட்டிக்கொண்டு போனார்களாம்.

பிறகு மண்டபத்தில் தொலைக்காட்சி,
பூட்டுப் போட்ட பெட்டிக்குள்.
ஒன்பது அடித்தால் ஜெனரேட்டரை நிறுத்திவிடுவான்
சிவக்கொழுந்து.
அறுபத்தொன்பது மே மாதம்
ஊரடங்கு அறிவிப்பை வாசித்தவர்
ஒரு வாக்கியத்தின் நடுவில்
வெள்ளைப் புள்ளியாய்ச் சுருங்கி அணைந்தாராம்.
அன்றிரவு லயத்தில் ஒருவரும் தூங்கவில்லை.
மீதி வாக்கியம் இப்போது என்னிடம் இருக்கிறது,
கோப்பு எண் 2214.
கேட்டுப் பார்த்தேன்.
அரிசிக்கடை எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதைத்தான்
சொல்ல வந்திருக்கிறார்.

தொண்ணூற்று மூன்று, வண்ணத்தில்:
கோல்ஃப் திடலுக்கு அடிக்கல்.
ரிப்பன் வெட்டும் கைக்குப் பின்னால்
ஒரு நொடி
லாரியில் ஏறுகிறது லயத்துக் கூரைத் தகரம்.
நீலம் பூசியது. எங்களுடையதாக இருக்கலாம்.
கூட்டத்தில் என்னைத் தேடினேன்.
அன்று எனக்குத் தேர்வு, மறந்தேபோனேன்.

ஐம்பத்தாறுக்குத் திரும்பினேன்.
கட்டங்களை யாரோ முன்பே நிரப்பியிருந்தார்கள்:
விடியற்காலையில் பால்வெட்டு.
பெயர் தெரியாத தொழிலாளி.
அழித்துவிட்டு எழுதினேன்:
நேரம், நண்பகல். பால், டின் பால். சாட்சி, எறும்பு.

மேற்பார்வையாளர் நோர் ஹயாத்தி அழைத்தார்.
நல்ல பெண். சிரித்துவிட்டார்.
“அக்கா, சாட்சிக்கு நம்மிடம் கட்டம் இல்லையே.
இருக்கிற கட்டத்துக்குள் எழுதுங்கள்.”

சரி.
ஆட்கள்:
பெண் ஒருத்தி, உதடு கோணியவள்.
மரத்தின் பின்னால் ஒருவன்; முழங்கை மட்டும் தெரிகிறது.
எறும்புகள், எண்ண முடிந்தவரை
நாற்பத்தொன்று.